ஆறு கியரும் அறுபது வயதும்

“ரிடையர் ஆனவர்கள் காசி, ராமேசுவரம் என்று கிளம்புவார்கள். நீங்கள் என்னடாவென்றால் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறீர்களாமே?” சென்ற ஓராண்டாகச் சங்கத்து நண்பர்கள் பலர் என்னிடம் இந்தக் கேள்வியை வெவ்வேறு வார்த்தைகளில் கேட்டுவிட்டார்கள். சிலர் வேடிக்கையாகக் கேட்டார்கள். சிலர் உண்மையான கவலையோடு கேட்டார்கள். தனித்தனியே பதில் சொல்வதைவிட நமது இதழில் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. இது என் ஒருவனுடைய விஷயமும் அல்ல. வேகமான கார் வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகள் இன்று நம்மில் பல வீடுகளில் இருக்கிறார்கள். வாங்கிக் கொடுக்கும் வசதியும் நமக்கு வந்துவிட்டது. எனவே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் என் கார் எது என்று சொல்லிவிடுகிறேன். இரண்டே இருக்கையுடன் தரையோடு தரையாகப் போகும் அசல் ஸ்போர்ட்ஸ் கார் அல்ல அது. நான் குடியிருக்கும் தளேகாவிலிருந்து இருபது சொச்சம் கிலோமீட்டரில் உள்ள சாக்கணில், 2009-இல் திறக்கப்பட்ட ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலையில் தயாரான விர்டஸ் ஜிடி. பார்ப்பதற்கு ஐந்து பேர் உட்காரும் குடும்பக் கார்தான். ஆனால் உள்ளே 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின். 150 குதிரைத் திறன். 250 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. இந்த கார் 2022-இல் வந்தபோது பெரிய எஞ்சினுக்கு ஆட்டோமேட்டிக் கியர் மட்டுமே கொடுத்தார்கள். கையால் மாற்றும் ஆறு கியர் வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களுக்கு 2023-இல்தான் அது கிடைத்தது. அந்த ஆறு கியர் காரைத்தான் நான் வாங்கினேன்.

“அதென்ன பிடிவாதம்? உலகமே ஆட்டோமேட்டிக்குக்குப் போகும்போது நீங்கள் ஏன் பின்னோக்கிப் போகிறீர்கள்?” இது அடுத்த கேள்வி. உலகம் போய்க்கொண்டிருப்பது உண்மைதான். வேகக் கார் பிரியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடிய கோல்ஃப் ஜிடிஐ 2025-இல் நம் நாட்டிற்கு 53 லட்ச ரூபாய் விலையில் வந்தது. அதில் கிளட்ச் பெடல் கிடையாது. 2023-இல் 98 லட்சத்திற்கு விற்பனைக்கு வந்த பிஎம்டபிள்யூ எம்2 காரில் கைக் கியர் வேண்டுமென்றால் அதற்கு மேலும் பணம் கட்ட வேண்டும். ஒரு காலத்தில் ஏழைக்கு வாய்த்தது கைக் கியர், பணக்காரருக்கு வாய்த்தது ஆட்டோமேட்டிக். இன்று கார்களின் உச்சாணிக் கொம்பில் அது தலைகீழாகிவிட்டது!

நம் தலைமுறைக்குக் கியர் என்பது புதிதல்ல. கிர்க்கி, தேஹு ரோடு, ராஸ்தா பேட்டை என்று வந்து குடியேறிய தமிழர்களில் முக்கால்வாசிப் பேர் சைக்கிளில் ஆரம்பித்தவர்கள். பிறகு பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம். அதில் இடது கைப்பிடியைத் திருகித் திருகி நாலு கியரையும் பழகினோம். முன்னால் பிள்ளை நிற்க, பின்னால் மனைவி உட்கார, மேட்டில் ஏறும்போது எந்தக் கியர் வேண்டும் என்பதை எஞ்சின் சத்தமே நமக்குச் சொல்லிக் கொடுத்தது. அந்தக் காது இன்னும் நம்மிடம் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அது வாய்க்கவில்லை.

கியர் எதற்கு என்பதை ஒரு எஞ்சினியர் என்ற முறையில் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்ரோல் எஞ்சின் நின்ற நிலையில் எதையும் இழுக்காது. அது ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில்தான் நன்றாக வேலை செய்யும். என் கார் எஞ்சின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1600 சுற்றிலிருந்து 3500 சுற்று வரை முழு முறுக்கு விசையைத் தருகிறது. சக்கரமோ சில சமயம் ஊர்கிறது, சில சமயம் பறக்கிறது. இரண்டுக்கும் நடுவே சம்பந்தம் பேசி முடிக்கும் தரகர்தான் கியர் பெட்டி. எங்கள் டீசல் எஞ்சின்களில் இந்தத் தரகர் தேவைப்படவில்லை. அங்கே டீசல் எஞ்சின் மின்சாரத்தை உற்பத்தி செய்யும்; சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார். மோட்டார் நின்ற நிலையிலிருந்தே பலமாக இழுக்கும். ஆகவே எங்கள் டிரைவர்களுக்குக் கியர் கிடையாது. எட்டு நாட்ச் மட்டுமே. ஆனால் அந்த எட்டையும் எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்பதில்தான் ஒரு டிரைவருக்கும் இன்னொரு டிரைவருக்கும் வித்தியாசம் தெரியும். நல்ல டிரைவர் வண்டியை எடுத்தால், படுத்திருக்கும் பயணிக்கு வண்டி கிளம்பியதே தெரியாது.

இந்தப் பக்கத்தில் வசிக்கும் நமக்கு இதற்கு மிகப் பெரிய பள்ளிக்கூடம் கண்ணெதிரே இருக்கிறது. கர்ஜத்திலிருந்து லோணாவளா வரை ஏறும் போர் காட் ரயில் பாதை 1863-இல் திறக்கப்பட்டது. 37 அடி போனால் ஓர் அடி ஏறும் செங்குத்து. இன்றைக்கும் ஏறும் வண்டிகளுக்குக் கர்ஜத்தில் பின்னாலிருந்து தள்ள எஞ்சின் சேர்க்கிறார்கள். மும்பைக்குப் போகும்போது பலகாரப் பொட்டலத்தைப் பிரித்தபடி நாம் அந்த இடத்தைக் கடந்துவிடுகிறோம். ஏறுவதைவிட இறங்குவதே அங்கே கடினம் என்பது ரயில்வேக்காரர்களுக்குத்தான் தெரியும். இறங்குமுன் பிரேக்கைச் சோதிக்க வேண்டும். சக்கரத்தை அழுத்தும் பிரேக்கை மட்டும் நம்பாமல், மோட்டார்களையே தடையாக மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். அதையும் மீறி ஒரு வண்டி ஓடிவிட்டால் அதை மேட்டில் ஏற்றி நிறுத்துவதற்கென்றே தனியாகப் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு மேலான அனுபவம் சொல்லும் பாடம் ஒன்றே: மலையில் உன் பலத்தைக் காட்டாதே, உன் கட்டுப்பாட்டைக் காட்டு.

அதே மலையில்தான் 2002-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட மும்பை–புனே எக்ஸ்பிரஸ் வேயும் இறங்குகிறது. டீசலை மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் லாரியை உருட்டிவிட்டு, பிரேக் சூடேறிப் பிடிப்பற்றுப் போய் முன்னால் செல்லும் கார்கள் மேல் ஏறிய லாரிகளைப் பற்றி எத்தனை முறை செய்தி படித்திருக்கிறோம்! கைக் கியர் காரில் மூன்றாவது கியரைப் போட்டு இறங்கிப் பாருங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை எப்போதாவது தொட்டால் போதும். ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது பழைய லாரி டிரைவர்களின் சூத்திரம். ஆட்டோமேட்டிக் காரிலும் இதைச் செய்ய வழி உண்டு. ஆனால் அந்த வழி இருப்பதே தெரியாமல் ஓட்டுகிறவர்கள் பலர். கைக் கியர்க்காரன் தெரியாமல் ஓட்ட முடியாது; அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி அன்றாட வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆசை இருக்கிறது என்பதற்காக உண்மையை மறைக்கக் கூடாது அல்லவா? தளேகாவ்–சாக்கண் சாலையை அறிந்தவர்களுக்கு அதன் யோக்கியதை தெரியும். முன்னாலும் பின்னாலும் கன்டெய்னர் லாரிகள். பத்தடி போய் நிற்க வேண்டும், மறுபடி பத்தடி. அங்கே 150 குதிரைகளும் லாயத்தில் கட்டிப் போட்டதுதான். ஒரு மணி நேரம் அப்படிப் போனால் இடது முழங்கால் நம் வயதை நமக்கு ஞாபகப்படுத்தும். அந்தச் சாலையில் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கிடைத்தால் பெரிது. நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் பதினாறு, பதினேழு வரை கொடுக்கிறது. மழைக்காலத்தில் மாவல் பகுதியில் பெய்யும் மழையில் பள்ளம் எது, தண்ணீர் எது என்று தெரியாது. அகலமான டயர் என்றால் மாற்றும்போது செலவும் அகலம்தான். யானை வாங்கினவன் அங்குசத்துக்கு யோசிக்கக் கூடாது.

கைக் கியர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு மூன்று யோசனைகள். கிளட்ச் பெடல் மேல் காலை ஓய்வாக வைக்காதீர்கள். இலேசான அழுத்தமே கிளட்ச் தட்டைத் தேய்க்கும். காலை வைக்கப் பக்கத்தில் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். மேட்டில் நிற்கும்போது பாதிக் கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். அதற்குக் கை பிரேக் இருக்கிறது. சிக்னலில் நியூட்ரலுக்கு வாருங்கள். புது வண்டியை முதல் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் வரை விரட்டாதீர்கள். டர்போ எஞ்சினைக் குறைந்த சுழற்சியில் உயர்ந்த கியரில் போட்டு முனகவிடாதீர்கள். இவ்வளவையும் கடைப்பிடித்தால் கிளட்ச் நெடுங்காலம் உழைக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, “அப்படியானால் எங்களுக்கு ஆட்டோமேட்டிக்கே தேவலை” என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். தினமும் ஹிஞ்சவடிக்கு இரண்டு மணி நேரம் போய் வரும் பிள்ளைக்கும், முட்டி வலியுள்ள அம்மாவுக்கும் ஆட்டோமேட்டிக்தான் சரி. அதில் எந்தக் குறைவும் இல்லை. நான் வேலைக்குப் போகாதவன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காம்ஷேத் வழியாகப் பவனா அணை வரை போய், ஒரு டீ குடித்துவிட்டு, சாலையில் கூட்டம் சேருமுன் வீடு திரும்பிவிடுவேன். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சரியான கியரைப் போட்டு, எஞ்சின் சுழற்சியும் சக்கரமும் குலுங்காமல் ஒன்றோடொன்று இணையும் அந்தக் கணத்தில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. வீணையில் சுருதி சேர்ந்தால் வரும் சந்தோஷம் அது. அந்தச் சாலையில் பெரும்பாலும் மணிக்கு ஐம்பது, அறுபதுக்கு மேல் போக முடியாது. போக வேண்டிய அவசியமும் இல்லை. ஸ்போர்ட்ஸ் காரின் இன்பம் வேகத்தில் இருக்கிறது என்று யார் சொன்னார்கள்? அது செய்யும் காரியத்தைச் சுத்தமாகச் செய்வதில் இருக்கிறது.

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் விஷயத்திற்கு வருகிறேன்.

2024 மே 19 அதிகாலையில் நம் புனேயின் கல்யாணி நகரில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே டைகான் கார் மோதி, மத்தியப் பிரதேசத்திலிருந்து இங்கே பிழைக்க வந்த இரண்டு இளம் எஞ்சினியர்கள் உயிரிழந்தார்கள். நம் பிள்ளைகளைப் போலவே ஊரை விட்டு வந்து, ஐ.டி. துறையில் வேலை பார்த்தவர்கள். சிறுவன் மது அருந்தியிருந்தான் என்று காவல்துறை குற்றம் சாட்டியது. விபத்தைப் பற்றி முந்நூறு வார்த்தைகளில் கட்டுரை எழுது என்ற நிபந்தனையுடன் முதலில் ஜாமீன் கிடைத்தபோது நாடே கொதித்தது. டைகான் மின்சாரக் கார். அதில் கிளட்சும் இல்லை, எஞ்சின் சத்தமும் இல்லை. மிதித்தால் போதும், பாயும். ஆட்டோமேட்டிக் ஆனதால்தான் விபத்து நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கைக் கியர் காரிலும் குடித்துவிட்டு ஓட்டினால் கதை அதேதான். நான் கேட்பது வேறு: அவ்வளவு வலிமையுள்ள ஒரு வண்டியின் சாவி, அதற்கு எந்தப் பயிற்சியும் தகுதியும் இல்லாத ஒரு கைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது?

ரயில்வேயில் இது நடக்காது. ஒருவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் முதலில் உதவி டிரைவர்தான். பிறகு ஷன்டிங், அதன்பின் கூட்ஸ் வண்டி, அப்புறம் பாசஞ்சர். மெயில், எக்ஸ்பிரஸ் கைக்கு வருவதற்குள் தலை நரைத்துவிடும். புதிய பாதையில் ஓட்டுமுன் அந்தப் பாதையில் பல தடவை போய் வளைவு, ஏற்றம், சிக்னல் எல்லாவற்றையும் கற்று, “தெரிந்துகொண்டேன்” என்று கையெழுத்துப் போட வேண்டும். சிக்னலைப் பார்த்தால் டிரைவரும் உதவியாளரும் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்ள வேண்டும். வேகம் என்பது அங்கே படிப்படியாகச் சம்பாதிக்கும் உரிமை. சாலையில் மட்டும் பணம் கொடுத்தால் முதல் நாளே ராஜதானி எக்ஸ்பிரஸ் கிடைத்துவிடுகிறது.

2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்பது மத்திய அரசின் கணக்கு. அதில் நூற்றுக்கு 71 பேரின் சாவுக்குக் காரணம் அதிவேகம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்தின்படி, பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. சட்டம் இருக்கிறது. ஆனால் அது விபத்துக்குப் பிறகு வரும். அதற்கு முன்னால் வர வேண்டியவர்கள் நாம்தான்.

ஆகவே நம் குடும்பங்களுக்கு என் யோசனை இது. பிள்ளைக்கு முதல் வண்டியாகச் சிறிய எஞ்சின் உள்ள, கைக் கியர் வண்டியையே கொடுங்கள். பழைய வண்டியாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு வருஷம் அதை ஓட்டட்டும். கிளட்ச், கியர், பிரேக், கண்ணாடி என்று நாலு வேலையை ஒரே நேரத்தில் செய்கிறவனுக்கு ஒரு கையில் செல்போனைப் பிடிக்க வசதி குறைவு. கைக் கியரால் கிடைக்கும் பெரிய பாதுகாப்பே அதுதான் என்பது என் அபிப்பிராயம். புதிய மலைப்பாதைக்கு முதல் தடவை போனால் பகலில், தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கப் போகட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் உதவி டிரைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் அந்தப் பதவியை என் மனைவி வகிக்கிறாள். அவள் சொல்லாத சிக்னலே கிடையாது. சில சமயம் இல்லாத சிக்னலையும் சொல்வாள்! கேட்டுக்கொள்வதில் நஷ்டமில்லை.

பிள்ளைக்கு உண்மையிலேயே வேகத்தில் மோகம் இருந்தால், அதை அதற்குரிய இடத்திற்கு அனுப்புங்கள். இந்த விஷயத்தில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் முறையான பந்தயத் தடம் இருக்கிறது. கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில், ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கிய கரிவரதன் பெயரில் இன்னொன்று. அந்தக் கோவையில் வளர்ந்த நாராயண் கார்த்திகேயன்தான் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். அவர்கள் தலைக்கவசம், தீ தாங்கும் உடை, பக்கத்தில் ஆம்புலன்ஸ் எல்லாம் வைத்துக்கொண்டு வேகமாகப் போகிறார்கள். நம் பையன் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக எக்ஸ்பிரஸ் வேயில் அந்த வேகத்தில் போவானேன்? விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பந்தயத் தடத்தில் பயிற்சி வகுப்பு நடக்கிறதா என்று விசாரித்துச் சேர்த்துவிடுங்கள். ஒரு நாள் அங்கே ஓட்டினால், சாலையில் தனக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பது அவனுக்கே விளங்கிவிடும்.

கடைசியாக, என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஐம்பத்தைந்துக்கு மேல் லைசென்ஸை ஐந்து வருஷத்திற்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழும் தேவை. அதைச் சும்மா ஒரு காகிதமாக நினைக்காதீர்கள். ரயில்வேயில் டிரைவருக்கு வயது ஏற ஏற மருத்துவப் பரிசோதனையின் இடைவெளி குறையும். கண் சரியில்லையென்றால் எத்தனை வருஷ சர்வீஸ் என்று பார்க்காமல் இறக்கிவிடுவார்கள். நான் ஐந்து வருஷம் காத்திருப்பதில்லை. ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் கண், காது, கழுத்துத் திருப்பம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டிவிடுகிறேன். இரவில் எதிர் விளக்கு கூசத் தொடங்கியதும் இரவுப் பிரயாணத்தை நிறுத்திவிட்டேன். டாக்டர் போதும் என்று சொல்லும் நாளில் சாவி வேறு கைக்குப் போகும். இதை எழுதி, பையனிடம் கொடுத்தும் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் கெஞ்சிக் கேட்கும்வரை காத்திருப்பது அவர்களுக்கும் கஷ்டம், நமக்கும் மரியாதை அல்ல.

அதுவரை ஓட்டுவதில் என்ன தவறு? முப்பத்தைந்து வருஷம் எஞ்சின்களின் சத்தத்தைக் கேட்டே அவற்றின் நோயைக் கண்டுபிடித்த காதுக்கு, ஓய்வு பெற்ற மறுநாளே வேலை இல்லாமல் போய்விட வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதியிருக்கவில்லை. ஒருவர் வீணை கற்கிறார், ஒருவர் தோட்டம் போடுகிறார், ஒருவர் பேரப்பிள்ளைக்குத் தமிழ் சொல்லித் தருகிறார். எதுவானாலும் கையும் கண்ணும் மனமும் ஒன்றுகூடி ஈடுபடும் வேலையாக அது இருந்தால், முதுமை கொஞ்சம் தள்ளியே நிற்கும். எனக்கு வாய்த்தது ஆறு கியர். பதறாத காரியம் சிதறாது என்பார்கள் பெரியவர்கள். அந்தப் பழமொழியை மனத்தில் வைத்துக்கொண்டு சாவியைக் கையில் எடுக்கிறவர்கள் எந்தக் காரையும் ஓட்டலாம். அது இல்லாதவர்களுக்கு எந்தக் காரையும் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.